புரட்டாசியில் விதை, தையில் அறுவடை: வீட்டுத் தோட்டத்தில் ப்ரோக்கோலி

மாடித்தோட்டக்காரர்கள் ப்ரோக்கோலியைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். செடி தளதளவென்று வளர்ந்தது, இலைகள் பெரிது பெரிதாக விரிந்தன, கொண்டை மட்டும் வரவில்லை. சிலருக்குக் கொண்டை எலுமிச்சை அளவோடு நின்றுவிடும். சிலருக்கு நன்றாக வந்தது போலத் தெரிந்து, நாலைந்து நாளில் மஞ்சள் பூவாக மலர்ந்து கலைந்துவிடும். உடனே மண்ணின் மேல் சந்தேகம் வரும். இன்னும் கொஞ்சம் எரு, இன்னொரு கரைசல், வேறு கடை விதை என்று மாற்றிப் பார்ப்பார்கள். பல வீடுகளில் தவறு மண்ணில் இல்லை, விதைத்த தேதியில் இருக்கிறது.

கத்தரி, வெண்டை, தக்காளியை ஒரு மாதம் முன்பின்னாக விதைத்தாலும் ஏதோ காய்த்துவிடும். ப்ரோக்கோலி அப்படி இல்லை. அதன் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்று வாரம் குளிர்ந்த வானிலை கட்டாயம் வேண்டும். அந்த மூன்று வாரத்தை ஊரின் குளிர்காலத்தோடு பொருத்தி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பவருக்குச் சமவெளியிலும் நல்ல கொண்டை கிடைக்கிறது. உரமும் மருந்தும் அதற்குப் பிறகுதான்.

கோஸின் உடன்பிறப்பு

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், கேல், ப்ரோக்கோலி ஆகிய ஐந்தும் தாவரவியலில் ஒரே இனம். பெயர் பிராசிகா ஒலரேசியா. மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஐரோப்பாவின் கடற்கரைகளிலும் காணப்படும் காட்டுக்கோஸின் வழிவந்தவை. விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் ஒன்று இலையை உருட்டிக்கொண்டது, ஒன்று தண்டைத் தடிப்பாக்கிக்கொண்டது. ப்ரோக்கோலி மொட்டுகளைக் கூட்டிக்கொண்டது. நாம் சாப்பிடுவது மலர்வதற்கு முன் பறித்த ஆயிரக்கணக்கான மொட்டுகளைத்தான்.

இதைத் தனிப் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் இத்தாலியர்கள். தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியின் பெயரைத் தாங்கிய ‘கலாப்ரீஸ்’ ரகம் இன்றும் விதைக் கடைகளில் கிடைக்கிறது. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் 1767இலேயே தம் தோட்டக் குறிப்பேட்டில் ப்ரோக்கோலி விதைத்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் அங்கே அது சந்தைக் காய்கறியானது 1920களில்தான். சிசிலியிலிருந்து குடியேறிய தாரிகோ சகோதரர்கள் இத்தாலிய விதையைக் கலிஃபோர்னியாவில் பயிரிட்டு, ரயிலில் பாஸ்டனுக்கு அனுப்பி விற்றார்கள். இன்று அமெரிக்காவின் ப்ரோக்கோலியில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. கடற்காற்றால் கோடையிலும் சூடு ஏறாத சலினாஸ் பள்ளத்தாக்கு அதன் முக்கியமான இடம்.

தமிழ்நாட்டில் இந்தப் பயிரின் வீடு நீலகிரியும் கொடைக்கானலும் ஓசூரும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். அவர் காலத்தில் தொடங்கிய ஐரோப்பியக் காய்கறிச் சாகுபடி உருளை, கேரட், பீட்ரூட், கோஸ் என்று பெருகி, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போனது. மலையில் இவற்றுக்கு ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றே பேச்சு வழக்கு. ப்ரோக்கோலி அந்த வரிசையில் பிந்திச் சேர்ந்தது. இலங்கையில் நுவரெலியாவுக்கும் இதே நிலைதான். சமவெளியில் வளர்ப்பவர் இந்த மலைச் சூழலில் மூன்று வாரத்தையாவது தம் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்று வாரக் கணக்கு

விதை முளைக்க 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் நல்லது. நாற்றும் இளஞ்செடியும் 30 டிகிரியைக்கூடத் தாங்கும். சிக்கல் அதன்பின் வருகிறது. செடியின் நுனிக்குருத்து இலை விடுவதை நிறுத்தி மொட்டுகளை உருவாக்கத் தொடங்கும் நாள்களில் 15 முதல் 22 டிகிரி வரை இருந்தால் கொண்டை இறுக்கமாகவும் சீராகவும் அமையும். வெயில் ஏறினால் சில மொட்டுகள் பெரிதாகி, சில அப்படியே நின்றுவிடும். கொண்டை மேடும் பள்ளமுமாகும். நடுவே சிறு இலைகள் எட்டிப் பார்க்கும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பியோர்க்மன் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 35 டிகிரி வெப்பம் செடியை எப்போதும் கெடுப்பதில்லை; மொட்டு உருவாகத் தொடங்கும் குறுகிய பருவத்தில் அடித்தால்தான் கொண்டை உருக்குலைகிறது. அதற்கு முன்னும் பின்னும் அதே வெயிலால் அவ்வளவு சேதம் இல்லை. வீட்டுத் தோட்டக்காரருக்கு இது நல்ல செய்தி. ஐப்பசி வெயிலில் நாற்று வளர்வதைப் பற்றி அஞ்ச வேண்டாம். கொண்டை பிடிக்கும் நாள்கள் மார்கழியில் விழுந்தால் போதும்.

சென்னையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஆண்டின் மிகக் குளிர்ந்த காலம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை. பகலில் 29 டிகிரியை ஒட்டியும் இரவில் 21ஐ ஒட்டியும் இருக்கும். ப்ரோக்கோலிக்கு இது சொகுசான வானிலை அல்ல, சமாளிக்கக்கூடியது. நடவு செய்து 65 நாளில் அறுவடைக்கு வரும் ரகத்தில் 40 முதல் 45 நாளில் சின்னக் கொண்டை கண்ணுக்குத் தெரியும். அது டிசம்பர் 20 வாக்கில் தெரிய வேண்டுமானால் நவம்பர் 5ஐ ஒட்டி நட வேண்டும். நாற்றுக்கு நான்கு வாரத்துக்குச் சற்று மேல் வேண்டும். ஆக விதைப்பு அக்டோபர் முதல் வாரம், அதாவது புரட்டாசி பிற்பாதி. அறுவடை பொங்கலை ஒட்டி வரும்.

திருச்சி, மதுரை, சேலம், கோயம்புத்தூருக்கும் இதே கணக்குப் பொருந்தும். கோவையில் இரவுக் குளிர் சற்று அதிகம் என்பதால் விதைப்பை ஒரு வாரம் பத்து நாள் தள்ளினாலும் பாதகமில்லை. ஓசூர், பெங்களூரு, ஏற்காடு, ஏலகிரிக்காரர்களுக்கு இடைவெளி பெரிது. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானலில் ஆண்டின் பெரும்பகுதி விதைக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியவை தென்மேற்குப் பருவத்தின் கனமழையும் டிசம்பர், ஜனவரி உறைபனியும். உறைபனி இரவுகளில் இளநாற்றைச் சாக்கினாலோ துணியாலோ மூடிவைத்துக் காலையில் எடுத்துவிட வேண்டும். நாற்றுப் பருவத்தில் நீண்ட குளிர் பட்டால் செடி வளரும் முன்பே பித்தான் அளவில் கொண்டை வைத்துவிடும்.

எந்த விதை?

சமவெளிக்கு இரண்டு குணங்கள் முக்கியம்: குறுகிய வயது, வெப்பம் தாங்கும் தன்மை. பாக்கெட்டில் ‘நடவிலிருந்து 60 நாள்’, ‘65 நாள்’ என்று இருப்பவை ஏற்றவை. 90 நாள் ரகத்தைச் சென்னையில் விதைத்தால் கொண்டை தை பிற்பாதியில் ஏறும் வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

இந்திய ரகங்களில் பெயர் பெற்றது பூசா கேடிஎஸ்-1. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இமாசலப் பிரதேசம் குலு பள்ளத்தாக்கின் கட்ராயின் நிலையத்தில் உருவாக்கியது. பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பாலம் சம்ரித்தி இன்னொன்று. இவை மலைக்கும் வட இந்தியக் குளிருக்கும் ஏற்றவை. ஊட்டி, கொடைக்கானல், ஓசூர் தோட்டங்களில் தாராளமாகப் போடலாம். சமவெளி மாடிக்கு வெப்பம் தாங்கும் கலப்பின விதைகளைத் தேடுவது நல்லது. ஜப்பானின் சக்காட்டா நிறுவனத்தின் ‘க்ரீன் மேஜிக்’ அப்படிப்பட்ட ஒன்று. பழைய ரகங்களில் ‘டி சிக்கோ’ வீட்டுக்கு உகந்தது. நடுக்கொண்டை சிறியதாக இருக்கும். ஆனால் வெட்டிய பிறகு பக்கக் கொண்டைகளை நிறையக் கொடுக்கும்.

ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எட்டு முதல் பத்துச் செடி போதும்; 15 விதை போட்டால் தாராளம். மீதியை ஈரம் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் முளைப்பு இருக்கும். நிறம் பூசிய விதைகள் பூஞ்சைக்கொல்லி கலந்தவை. அவற்றைக் கழுவாமல் அப்படியே விதைக்கலாம்; தொட்ட கையைக் கழுவிவிட வேண்டும். பூசாத விதையாக இருந்தால் விதைக்கும் முன் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் என்ற நன்மை பாக்டீரியாத் தூளில் புரட்டி எடுப்பது நாற்றழுகலுக்கு நல்ல தடுப்பு.

நாற்று: நான்கு வாரக் கவனம்

குழித்தட்டில் நன்கு அலசிய தென்னை நார்த்தூளும் சலித்த மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்ப வேண்டும். நார்த்தூளை அலசாவிட்டால் உப்பு இருந்து முளையைச் சுடும். குழிக்கு ஒரு விதை, அரை அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம். பூவாளியால் நனைத்து, முளைக்கும் வரை ஈரச் சாக்கால் மூடலாம். நான்கு முதல் ஏழு நாளில் இதய வடிவ வித்திலைகள் இரண்டு விரியும்.

நாற்று கெடுவது பெரும்பாலும் முளைத்த மூன்றாவது, நான்காவது நாளில். முளை தெரிந்ததும் சாக்கை எடுக்காமல் விட்டாலோ, தட்டை நிழலிலேயே வைத்தாலோ தண்டு வெளிறி, நூலாக நீண்டு, ஒருபக்கம் சாய்ந்துவிடும். அப்படி நீண்ட நாற்றைத் தேற்றுவது கடினம். முதல் முளையைக் கண்ட அன்றே தட்டைக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு வாரத்துக்குள் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் கிடைக்க வேண்டும்.

அக்டோபர் என்றால் மழை. சென்னைக்கும் கடலோர மாவட்டங்களுக்கும் ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போது தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. திறந்த வெளியில் வைத்த தட்டு ஒரு இரவு மழையில் சேறாகிவிடும். மேலே தெளிவான பாலித்தீன் விரிப்பு, பக்கங்களில் காற்றோட்டம், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தட்டு. இந்த மூன்றும் இருந்தால் நாற்றழுகல் பெரும்பாலும் அண்டாது. தண்டு தரையோடு ஒட்டும் இடத்தில் நீர்கோத்து, பழுப்பாகி, நாற்று மடிந்து விழுவதுதான் அந்த நோய். விழுந்ததை உடனே எடுத்துப் போட்டுவிட்டு நீரைக் குறைக்க வேண்டும்.

நான்கைந்து உண்மை இலை வந்ததும் நட்டுவிட வேண்டும். ஆறு வாரம், ஏழு வாரம் தட்டிலேயே கிடந்து வேர் சுருண்ட நாற்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். அது நட்ட பிறகு வளர மறந்து, பித்தான் கொண்டை வைத்து நின்றுவிடும். நர்சரியில் வாங்கும் நாற்றுக்கும் இதே சோதனைதான்: உயரத்தைப் பார்க்காமல், தட்டின் அடித்துளையில் வேர் பின்னிக் கிடக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மண்ணும் நடவும்

பைக்கு ஒரு செடி. 12 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் உள்ள பை குறைந்தபட்சம். 15 அங்குலம் இருந்தால் கொண்டை பெரிதாகும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்பது நல்ல கலவை. இதை நடவுக்கு இரண்டு வாரம் முன்பே கலந்து, லேசாக நனைத்து வைக்க வேண்டும். மழைக்காலம் என்பதால் பையின் அடித்துளைகள் திறந்திருக்கிறதா என்று பார்த்து, பையைச் செங்கல் மேல் ஏற்றி வைக்கலாம்.

தரையில் நடுவதென்றால் செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டு அடி. கார அமிலத் தன்மை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. நீலகிரி மண் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. அங்கே மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு சுண்ணாம்பை நடவுக்குச் சில வாரம் முன்பே கலந்துவிட வேண்டும். வேர் வீங்கி உருளும் வேர்முடிச்சு நோய்க்கும் அதுதான் முதல் தடுப்பு.

மாலையில் நடுவது நல்லது. நாற்றை வித்திலை வரை மண்ணுக்குள் இறக்கி நட்டால் தண்டு ஆடாமல் நிற்கும். சுற்றி மண்ணை அழுத்திவிட்டு, உடனே நீர் ஊற்ற வேண்டும். மூன்று நாளில் தலை நிமிர்ந்துவிடும். மழை ஓய்ந்ததும் காய்ந்த இலைச் சருகையோ வைக்கோலையோ இரண்டு அங்குலம் மூடாக்காகப் போட்டால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். சமவெளியில் இது சின்ன வேலை போலத் தெரிந்தாலும் பலன் பெரிது.

தீனி, தண்ணீர்

ப்ரோக்கோலி பசி அதிகமுள்ள பயிர். இலை எவ்வளவு பெருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் கொண்டை. நட்ட 15ஆம் நாள் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு லேசாகக் கொத்தி மண் அணைக்க வேண்டும். 30ஆம் நாள் கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, செடிக்கு அரை லிட்டர். இடையில் 3 சதவீதப் பஞ்சகவ்யா, அதாவது லிட்டருக்கு 30 மில்லி, இரண்டு முறை தெளிக்கலாம்.

அளவு மீறினால் வேறு தொல்லை. தழைச்சத்து மிகுந்து செடி வேகமாக வளர்ந்தால் தண்டின் நடுவில் ஓட்டை விழும். போரான் பற்றாக்குறையிலும் ஓட்டை விழும். அப்போது ஓட்டையின் உட்புறம் பழுப்பாகிக் கொண்டையிலும் பழுப்புத் திட்டு தெரியும். முந்தைய பயிரில் இப்படிக் கண்டவர்கள் நட்ட ஒரு மாதத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் போராக்ஸ் கலந்து ஒருமுறை இலையில் தெளித்தால் போதும். போரானில் தேவைக்கும் நச்சுக்கும் இடைவெளி குறைவு. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கூட்டக் கூடாது.

நீரில் ஒழுங்கு வேண்டும். கார்த்திகை மழையில் ஊறிக் கிடந்த பை மார்கழிக் காற்றில் ஒரே நாளில் காய்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் இரண்டு நாள் விட்டால் கொண்டை அங்கேயே நின்றுபோகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் ஊற்ற வேண்டும். கொண்டை வந்த பின் அதன் தலையில் நீர் விடாமல் அடியில் ஊற்றுவது அழுகலைத் தவிர்க்கும்.

வைரமுதுகுப் பூச்சியும் மற்றவையும்

கோஸ் குடும்பத்தின் முதல் எதிரி வைரமுதுகுப் பூச்சி. சிறிய பழுப்பு அந்து. இறகை மடித்து உட்காரும்போது முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் மூன்று தெரியும். சேதம் செய்வது அதன் புழு. ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளமே உள்ள பச்சைப் புழு, இலையின் அடிப்பக்கத்தில் இருந்துகொண்டு சதையைத் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிச் சில்லு பதித்தது போல் இருக்கும். புழுவை விரலால் தொட்டால் துள்ளி, பின்னோக்கி நெளிந்து, மெல்லிய நூலில் தொங்கி இறங்கும். இப்படிச் செய்தால் அது வைரமுதுகுதான், வேறு புழுவா என்று குழம்ப வேண்டியதில்லை.

இதை மருந்தால் மட்டும் வெல்ல முடியாது. டிடிடி பூச்சிமருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற முதல் பயிர்ப் பூச்சி இதுதான். 1953இல் ஜாவாவில் பதிவானது. பின்னால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தையும் வயலில் முதன்முதலாகத் தாண்டியது இதே பூச்சி. எனவே ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது வீண்.

வீட்டுத் தோட்டத்துக்கு மிகச் சிறந்த வழி வலை. நட்ட அன்றே வளைவுக் குச்சிகள் ஊன்றி, அந்து நுழைய முடியாத நுண்வலையால் மூடி, ஓரங்களை மண்ணிலோ செங்கல்லிலோ அழுத்திவிட வேண்டும். பூசணிக்கும் பாகற்காய்க்கும் தேனீ வர வேண்டும் என்பதால் மூட முடியாது. ப்ரோக்கோலியில் நாம் பறிப்பது மொட்டு. மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை. ஆகவே நடவிலிருந்து அறுவடை வரை வலை அப்படியே இருக்கலாம்.

வலை இல்லாதவர்கள் சுற்றிலும் கடுகு விதைக்கலாம். அந்துப்பூச்சி கடுகைத் தேடி முட்டையிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோஸ் வயலுக்குப் பரிந்துரைக்கும் முறை இது. கடுகில் புழு ஏறியதும் அதைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும்; விட்டுவைத்தால் அதுவே பூச்சிப் பண்ணையாகிவிடும். வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்து நசுக்குவது, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், தேவைப்பட்டால் மாலையில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

அசுவினி இலையடியிலும், கவனிக்காவிட்டால் கொண்டைக்குள்ளும் புகும். ஆரம்பத்தில் வேகமான நீரால் அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 3 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். மழை இரவுகளில் நத்தை நாற்றைக் கடித்துவிடும்; டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் நம்பகமான வழி.

நோய்களில் இரண்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இலை விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி ‘வி’ வடிவில் மஞ்சளாகி, நரம்புகள் கறுத்தால் அது கருப்பு அழுகல். பாக்டீரியா நோய், விதையில் வரும், மழைத் தெறிப்பில் பரவும். அந்த இலைகளை உலர்ந்த நேரத்தில் எடுத்து எரிக்க வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது. மதிய வெயிலில் வாடி மாலையில் தேறும் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் வீங்கி உருண்டிருந்தால் அது வேர்முடிச்சு. மலைத் தோட்டங்களில் இதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு கிடக்கும். அந்த இடத்தில் கோஸ், நூக்கல், முள்ளங்கி, கடுகு எதையும் நீண்ட காலத்துக்குப் போடக் கூடாது. நோய் இல்லாத பையில்கூட ப்ரோக்கோலிக்குப் பின் அதே குடும்பத்தை நடாமல் அவரையோ தக்காளியோ வைப்பது நல்லது.

கொண்டை பிடிக்கும் நாள்கள்

நட்ட ஆறாவது வாரத்தில் செடியின் நடுவைப் பார்க்க வேண்டும். அதுவரை உள்ளங்குருத்து இலைகள் நீளமாக, தளர்வாக இருக்கும். பிறகு அவை குட்டையாகி உள்நோக்கி வளையும். மெல்ல விலக்கிப் பார்த்தால் அடியில் மிளகு அளவில் சாம்பல் கலந்த பச்சையாக ஒரு திரள் தெரியும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அதுதான் உள்ளங்கை அளவுக் கொண்டையாகும். காலிஃபிளவருக்குச் செய்வதுபோல் இலையை மடக்கிக் கட்ட வேண்டாம். வெயில் பட்டால்தான் இதற்குப் பச்சை நிறம். வெயில் 32 டிகிரிக்கு மேல் ஏறும் நாள்களில் மட்டும் பகல் 11 முதல் 3 மணி வரை நிழல்வலை பிடிக்கலாம்.

அறுவடைக்கு அளவைப் பார்க்கக் கூடாது, மொட்டைப் பார்க்க வேண்டும். மொட்டுகள் குண்டூசித் தலை அளவில், இறுக்கமாக, கரும்பச்சையாக இருக்கும்போது வெட்டுவது சரியான பருவம். ஓரத்து மொட்டுகள் பருத்து, கொத்துகளுக்கிடையே இடைவெளி விழத் தொடங்கினால் அன்றே வெட்டிவிட வேண்டும். எங்காவது மஞ்சள் தெரிந்தால் நாள் கடந்துவிட்டது; சாப்பிடலாம், சுவை குறையும். ‘இன்னும் இரண்டு நாள் விட்டால் பெரிதாகும்’ என்று காத்திருந்து இழந்த கொண்டைகள்தான் சமவெளியில் அதிகம். மாடிப் பையில் கால் கிலோ வந்தால் அது நல்ல விளைச்சல்.

விடியற்காலையில், கூரான கத்தியால், நாலைந்து அங்குலத் தண்டோடு சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வாக இருந்தால் வெட்டுவாயில் நீர் தங்காது. வெட்டிய பின் செடியைப் பிடுங்க வேண்டாம். ஒரு கைப்பிடி உரமும் வழக்கமான நீரும் கொடுத்தால் இலைக் கக்கங்களில் பக்கக் கொண்டைகள் வரும். ஒவ்வொன்றும் சிறியதுதான், வெயில் ஏறும் வரை மூன்று நான்கு வாரம் பறித்துக்கொண்டிருக்கலாம்.

சமையலறைக்கு

பறித்த பின்னும் மொட்டு மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால் மிக வேகமாக வாடும். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகும். கழுவாமல், துளையிட்ட பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வாழை, மாம்பழம், ஆப்பிள் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு மஞ்சளாவதை வேகப்படுத்தும். சமைக்கும் முன் கொத்துகளாகப் பிரித்து, உப்பும் மஞ்சள்தூளும் கலந்த நீரில் பத்து நிமிடம் போட்டால் ஒளிந்திருக்கும் புழு மிதந்துவிடும்.

1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலேயின் குழு ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோரஃபேன் என்ற கந்தகச் சேர்மத்தைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் இந்தக் காய்க்கு உலகப் புகழ் வந்தது. அந்தச் சேர்மம் செடியில் தயாராக இல்லை. நறுக்கும்போது திசு உடைந்து, மைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்வதால் உருவாகிறது. கொதிநீரில் வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். எனவே நறுக்கி அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஆவியில் மூன்று நான்கு நிமிடம் மட்டும் வேகவைப்பது நல்லது. கடுகும் இதே குடும்பம். அதிலும் அந்த நொதி உண்டு. எண்ணெயில் வெடித்த கடுகில் அது மிஞ்சாது. பரிமாறும் முன் ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுப்பொடி தூவினால் கிடைக்கும்.

தண்டை எறிய வேண்டாம். மேல்தோலைச் சீவினால் உள்ளே நூக்கல் போன்ற இளஞ்சதை; கூட்டுக்கும் பொரியலுக்கும் ஏற்றது. இளம் இலைகளைக் கீரையாக, தேங்காய்த் துருவல் போட்டு வதக்கலாம்.

விதை எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கலப்பின விதைச் செடியிலிருந்து எடுப்பது அடுத்த ஆண்டு ஒரே மாதிரி வராது. பழைய ரகமாக இருந்தாலும் ஒற்றைச் செடி தன் மகரந்தத்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது. குறைந்தது ஐந்தாறு செடிகளாவது சேர்ந்து பூக்க வேண்டும். அருகில் கோஸோ காலிஃபிளவரோ நூக்கலோ பூத்திருந்தால் கலந்துவிடும். வீட்டளவில் பாக்கெட் விதையே மேல்.

இந்த ஆண்டு முயலப் போகிறவர்கள் ஆவணியிலேயே குறுகிய வயது விதை ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிடுங்கள். பாக்கெட்டின் மேல் மூன்று தேதிகளை எழுதுங்கள்: விதைக்கும் நாள், நடும் நாள், கொண்டை தெரிய வேண்டிய நாள். பாதி விதையை அக்டோபர் முதல் வாரமும் மீதியைப் பத்து நாள் கழித்தும் விதைத்து, எது நன்றாக வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடிக்குச் சரியான தேதி இரண்டு பருவத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.